மட்கலம் வனைந்த மேதை ஜொசையா வெட்ஜ்வுட்

மண்ணை மிதித்துப் பிசைந்து, திகிரியில் ஏற்றிக் கலமாக வனைந்து, சூளையிலிட்டுச் சுட்டெடுக்குந் தொழில் மனிதன் கற்ற தொழில்களுள் மிகப் பழையது. தில்லையிலே மட்கலம் வனைந்து அடியார்க்குத் திருவோடு அளித்து வந்த திருநீலகண்டரை நாயன்மார் வரிசையில் வைத்துப் போற்றும் மரபு நம்முடையது. ஆயினும், கையில் மண் படிந்தவனைத் தாழ்த்தியும் கையில் மை படிந்தவனை உயர்த்தியும் மதிக்கும் வழக்கம் நம்மிடையே எவ்வாறோ வேரூன்றிவிட்டது. பரீட்சையிற் சித்தியெய்திய இளைஞன் உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதுவானே யன்றி, தன் உள்ளத்தில் தோன்றிய ஓர் எண்ணத்தைத் தொழிலாக்கிப் பார்ப்போம் என்று துணிதல் அரிது. அத்துணிவுக்கு வேண்டுவன யாவை, அதனால் வரும் இடர்கள் யாவை, அதன் பயன் எத்துணைத் தூரஞ் செல்லும் என்பவற்றை ஒருவர் வாழ்க்கையில் ஒருங்கே காணவேண்டின், ஆங்கில நாட்டுக் குயவராகிய ஜொசையா வெட்ஜ்வுட் என்பாரின் வரலாற்றைப் படித்தல் தகும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஸ்ரபோட்சயர் மாகாணத்திலே பேர்சிலம் என்பது ஒரு சிற்றூர். களிமண்ணும் நிலக்கரியும் அருகருகே கிடைத்தமையால், தலைமுறை தலைமுறையாகக் குயவர் பலர் அங்கே வாழ்ந்து வந்தனர். அவர்கள் வனைந்தவை பெரும்பாலும் பழுப்பு நிறப் பானைகளும் வெண்ணெய்ச் சாடிகளுமே. அவ்வூர்க் குயவர் குடும்பம் ஒன்றின் கடைக்குட்டியாக 1730ஆம் ஆண்டிலே வெட்ஜ்வுட் பிறந்தார். ஒன்பதாவது வயதளவில் தந்தையார் இறந்தார். பள்ளிப்படிப்பு அத்துடன் நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இருபது பவுண் கொடுக்கும்படி தந்தையார் மரண சாசனத்தில் எழுதியிருந்தார். அப்பணந்தானும் பல ஆண்டுகள் கழியும்வரை சிறுவருடைய கைக்கு எட்டவில்லை. மூத்த தமையனாரின் தொழிற்சாலையிலே மண் பிசையவும் திகிரி சுற்றவும் அவர் கற்றுக்கொண்டார்.

பன்னிரண்டாவது வயதளவில் வைசூரி நோய் அவரைப் பற்றியது. உயிர் தப்பியது, ஆனால் வலக்காலின் முழங்கால் நிரந்தரமாகப் பழுதுற்றது. குயவன் திகிரியைக் காலால் உதைத்தே சுழற்றவேண்டும். காலில் வலுவில்லாதவனுக்கு அத்தொழில் எங்ஙனம் வாய்க்கும்? வேறொருவராயின் விதியை நொந்து வேலையை விட்டிருப்பர். வெட்ஜ்வுட் அவ்வாறு செய்யவில்லை. திகிரியில் நெடுநேரம் இருக்க இயலாத காரணத்தால் அச்சு வார்த்தல், மண்ணின் தன்மையை ஆராய்தல், மேற்பூச்சுக்களைக் கலந்து பார்த்தல் முதலிய துறைகளில் அவர் கருத்துச் சென்றது. கைவேலைக்கு வந்த தடை அவரை அறிவு வேலைக்குத் திருப்பிவிட்டது என்று கூறலாம்.

1744ஆம் ஆண்டில் தமையனாரிடம் முறைப்படி ஐந்தாண்டுத் தொழிற்பயிற்சிக்கு அமர்ந்தார். பயிற்சி முடிந்தபின் தம்மைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டினார். புதிது புதிதாக எதையாவது செய்து பார்த்துக் காலத்தையும் மண்ணையும் வீணாக்கும் தம்பியைச் சேர்ப்பதற்குத் தமையனார் இசையவில்லை. இந்த மறுப்பு அக்காலத்தில் அவருக்கு எத்துணை வருத்தத்தைத் தந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அவர் வேறிடஞ் சென்று, 1754ஆம் ஆண்டில் தோமஸ் வீல்டன் என்னும் பெயர்பெற்ற குயவரோடு கூட்டுச் சேர்ந்தார். வீல்டன் பரந்த மனத்தினர். இளையவரின் ஆராய்ச்சிக்கு இடங்கொடுத்தவர். அவருடைய தொழிற்சாலையிலேதான் வெட்ஜ்வுட் ஒழுங்கான பரிசோதனைகளைத் தொடங்கினார்.

அப்பரிசோதனைகளை அவர் செய்த முறை மாணவர் அனைவரும் மனங்கொள்ளத்தக்கது. ஒவ்வொரு கலவைக்கும் ஓர் எண் இட்டார். எந்தப் பொருள் எத்தனை பங்கு, சூளையின் எப்பகுதியில் வைத்துச் சுட்டது, வெளிவந்தபோது நிறமும் மெருகும் எவ்வாறிருந்தன என்பவற்றை யெல்லாம் ஏட்டில் எழுதிவைத்தார். பிறர் களவாடாதிருக்கும் பொருட்டுக் கலவை விவரங்களை இரகசியக் குறியீட்டிலே குறித்தார். வெற்றியை மட்டுமன்றித் தோல்விகளையும் தவறாது எழுதினார். நினைவை நம்பாது ஏட்டை நம்பியமையே அவரைப் பிற குயவரினின்றும் வேறுபடுத்திய முதற்பண்பு. 1759ஆம் ஆண்டளவில் ஒளிமிக்க பச்சை மேற்பூச்சு ஒன்று அவருக்குச் சித்தித்தது. அன்னாசிப்பழ வடிவிலும் கோவாப்பூ வடிவிலும் அமைந்த தேநீர்க் கெண்டிகளுக்கு அப்பூச்சு அழகூட்டியது. மக்கள் விரும்பி வாங்கினர்.

1759ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, தமது இருபத்தொன்பதாவது வயதளவிலே, வெட்ஜ்வுட் சொந்தத் தொழில் தொடங்கினார். தொடக்கம் மிகச் சிறியது. உறவினருக்குச் சொந்தமான ஐவி இல்லம் என்னும் சிறு வீட்டையும் அதனோடமைந்த சூளைகளையும் கொட்டில்களையும் வாடகைக்கு எடுத்தார். தோமஸ் என்னும் உறவினர் ஒருவரை ஆண்டொன்றுக்கு இருபத்திரண்டு பவுண் சம்பளத்தில் வேலைக்கு அமர்த்தினார். அந்தத் தோமஸ் பிற்காலத்தில் அவருடைய கூட்டாளியாகவே உயர்ந்தார் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

அவருடைய எண்ணந்தான் யாது? அக்காலத்தில் ஆங்கில நாட்டில் தேநீர் அருந்தும் பழக்கம் பெருகிவந்தது. செல்வர் சீனத்திலிருந்து வந்த பீங்கானை உபயோகித்தனர். அதன் விலை ஏனையோர்க்கு எட்டாதது. நாட்டுக் குயவர் செய்த கலங்களோ பருமனானவை. மேற்பூச்சு எளிதில் உதிர்ந்துபோகும். பீங்கானின் அழகும் மட்கலத்தின் மலிவும் ஒருங்கே அமைந்த கலத்தைச் செய்தால், இடைத்தர வகுப்பினர் வாங்குவர் என்பதே வெட்ஜ்வுட் கண்ட உண்மை. தேவை எங்கே உளது என்பதைத் தெளிந்த பின்னரே பொருளைச் செய்ய முற்பட்டார். தென்மேற்கு மாகாணங்களின் வெண்களிமண்ணையும் சுட்டு அரைத்த தீக்கல்லையும் சேர்த்து, பல ஆண்டு முயற்சியின் பயனாக, வெண்ணெய் நிறமுடைய மெல்லிய கலத்தை உருவாக்கினார். அது வெந்நீரைத் தாங்கியது; ஒரே அளவில் பலவற்றைச் செய்யத்தக்கதாயும் இருந்தது; தட்டுக்கள் ஒன்றன்மேலொன்று ஒழுங்காக அடுங்கின.

1765ஆம் ஆண்டிலே அரசியார் சார்லற் தேநீர்க் கலத்தொகுதி யொன்று செய்விக்க விரும்பினார். பச்சைப் பூவும் பொன்வேலையும் அமைந்த அக்கடினமான வேலையைப் பிற குயவர் ஏற்கத் தயங்கினர். வெட்ஜ்வுட் ஏற்றுச் செய்துமுடித்தார். அடுத்த ஆண்டிலே அரசியாரின் குயவர் என்னும் சிறப்பை அடைந்தார். தம் வெண்ணெய் நிறக் கலங்களுக்கு அரசியார் கலம் என்று பெயரிட்டு விற்றார். பொருளின் தரத்தில் ஒரு பாதியும் பெயரின் மதிப்பில் மறுபாதியுமாக விற்பனை பெருகியது. ஒவ்வொரு கலத்தின் அடியிலும் தமது பெயரைப் பச்சைமண்ணிலேயே பதித்துச் சுட்டார். பெயரைப் பதித்தவன் பழுதான பொருளை வெளியே விடமாட்டான்; விட்டால் பழுதோடு அவன் பெயரும் ஊரெங்கும் செல்லுமன்றோ?

தொழில் வளர்ந்தபோது இரண்டு குறைகள் அவரை வருத்தின. ஒன்று வழி. பேர்சிலத்திற்கு நல்ல பாதையில்லை. பொதிக் குதிரைகளின் முதுகில் ஏற்றிச் சென்ற கலங்கள் குண்டுங் குழியுமான வழியில் உடைந்தன. அவர் தம்மொத்த முதலாளிகளைத் திரட்டிப் பாதை திருத்தவும், கால்வாய் வெட்டவும் முயன்றார். திரென்ற், மேர்சி என்னும் ஆறுகளை இணைக்குங் கால்வாய்க்குப் பாராளுமன்றம் 1766ஆம் ஆண்டில் அநுமதி அளித்தது. அதன் பொருளாளராக இருந்து, அவ்வாண்டு ஆடி மாதத்தில் முதல் மண்ணைத் தாமே வெட்டித் தொடக்கிவைத்தார். பிறின்ட்லி என்னும் பொறியியலாளர் திட்டம் வகுத்த அக்கால்வாய், அவர் மறைந்தபின் 1777ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. அதன் நீளம் ஏறத்தாழ 93 மைல். களிமண் படகிலே வந்தது. கலங்கள் படகிலே உடையாமற் சென்றன.

மற்றைய குறை நல்ல துணைவர் இன்மை. அதுவும் ஓர் இடரின் வழியாகவே நீங்கியது. 1762ஆம் ஆண்டிலே லிவர்பூல் நகருக்குச் செல்லும் வழியில் பழுதுற்ற முழங்காலிலே மீண்டும் அடிபட்டு, அந்நகரிற் பல வாரங்கள் படுக்கையிற் கிடந்தார். வைத்தியஞ் செய்தவர், நோயாளியின் பொழுது போக்குக்காகத் தம் நண்பர் தோமஸ் பென்ற்லி என்னும் வணிகரை அழைத்துவந்தார். பென்ற்லி பல மொழி கற்றவர், கலையுணர்வு மிக்கவர், அடிமை வாணிகத்தை வெறுத்தவர். படுக்கையருகே தொடங்கிய நட்பு 1780இல் பென்ற்லி இறக்கும்வரை குன்றவில்லை. அலங்காரக் கலங்களுக்கு இருவருங் கூட்டாளிகளாயினர். மண்ணும் சூளையும் வெட்ஜ்வுட்டின் பொறுப்பு. இலண்டன் மாநகரத்துக் காட்சிச்சாலையும் செல்வர் தொடர்பும் பென்ற்லியின் பொறுப்பு.

இங்ஙனம் நற்காலம் பிறந்துவரும் வேளையிலே பெருஞ் சோதனையொன்று வந்தது. முழங்கால் நோவு பொறுக்கவொண்ணாததாயிற்று. காலைத் துணிப்பதே வழி என வைத்தியர் கூறினர். உணர்ச்சியகற்றும் மருந்து அந்நாளில் இல்லை. அபின் சேர்ந்த மருந்து சிறிதளவு கொடுப்பதே வழக்கம். சத்திர வைத்தியத்தில் உயிர் துறந்தோர் பலர். 1768ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி, தம் இல்லத்திலே நாற்காலியில் அமர்ந்தபடி, தம் கால் அறுக்கப்படுவதை வெட்ஜ்வுட் அசையாது பார்த்திருந்தார். அன்று அவர் இறந்திருப்பின், கட்டத் தொடங்கியிருந்த புதிய தொழிற்சாலையும், அவரை நம்பிய தொழிலாளரும், இளம் மனைவி சேராவும் குழந்தைகளும் நிர்க்கதியாகியிருப்பர். அவர் பிழைத்தெழுந்தார், மரக்கால் பொருத்திக்கொண்டார். கால் போன நாளைத் துக்க நாளாகக் கருதாது, விடுதலை பெற்ற நாளாக ஆண்டுதோறும் நகைச்சுவையோடு நினைவு கூர்ந்தார். இடுக்கணழியாமை என ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் இவரைக் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பார்.

அடுத்த ஆண்டு, 1769 ஜூன் 13ஆந் திகதி, எட்ரூரியா என்று பெயரிடப்பட்ட புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. அன்று பென்ற்லி சக்கரத்தைச் சுழற்ற, ஒற்றைக் காலினராகிய வெட்ஜ்வுட் ஆறு சாடிகளைத் தம் கையாலேயே வனைந்தார். காலால் உதைக்க இயலாதவருக்கு நண்பரின் கை துணையாயிற்று. அவ்வாறனுள் நான்கே பின்னர் வேலைப்பாடுகள் முடிந்து பழுதின்றி எஞ்சின. முதலாளியே வனைந்தவற்றிலும் மூன்றிலொரு பங்கு கெட்டது என்றால், அத்தொழிலின் அருமையை நாம் உணரலாம்.

எட்ரூரியாவிலே வேலை பல கூறாக வகுக்கப்பட்டது. பிசைபவர், வனைபவர், கைப்பிடி ஒட்டுபவர், வண்ணந் தீட்டுபவர், சூளை பார்ப்பவர் என ஒவ்வொருவரும் ஒரு துறையில் வல்லுநராயினர். மணி அடித்ததும் வேலை தொடங்கவேண்டும். மனம்போல் வந்து மனம்போல் செல்லும் பழக்கமுடைய குயவருக்கு அக்கண்டிப்பு முதலிற் கசந்தது. தாமதித்தோர்க்குத் தண்டமும் உண்டு. பழுதான கலத்தைக் கண்டால் மரக்காலால் உதைத்து நொறுக்குவார் என்றுங் கதை சொல்வர். கதை எவ்வாறாயினும், பழுதைப் பொறாத இயல்பு அவருடையது என்பதில் ஐயமில்லை.

1772ஆம் ஆண்டிலே வணிகம் நாடெங்கும் தளர்ந்தது. விற்பனை குறைந்து கையிருப்புப் பெருகியது. அப்போது வெட்ஜ்வுட் செய்த காரியம் வணிகத்திற் புகுவோர்க்கெல்லாம் பாடமாகும். ஒவ்வொரு சாடிக்கும் மண், கரி, கூலி, வாடகை, எழுதுவினைஞர் சம்பளம் என்பன எவ்வளவு செல்கின்றன என்று தனித்தனியே கணக்கிட்டார். சில செலவுகள் கலம் பத்து வனைந்தாலும் ஆயிரம் வனைந்தாலும் மாறாதிருத்தலைக் கண்டார். ஆகவே, ஒரே அச்சில் மிகுதியாகச் செய்தால் ஒவ்வொன்றின் அடக்கவிலையுங் குறையும் எனத் தெளிந்து, அதற்கேற்ப விலையை அமைத்தார். கணக்கைத் துருவியபோது தலைமைக் கணக்கர் செய்த மோசடியும் வெளிப்பட்டது. நாடு தளர்ந்த ஆண்டில் அவர் நிலைத்து நின்றமைக்கு இக்கணக்கே காரணம்.

பின்னர்ப் புகழ் கடல் கடந்தது. உருசிய நாட்டு மகாராணி கதரீன் 952 கலங்கள் கொண்ட பெருந்தொகுதி ஒன்றுக்குக் கட்டளை யிட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆங்கில நாட்டுக் காட்சிகள் அவற்றிலே கையால் தீட்டப்பட்டன. 1774ஆம் ஆண்டில் அவை இலண்டனிற் காட்சிக்கு வைக்கப்பட்டுப் பின் அனுப்பப்பட்டன. அவ்வேலையில் ஊதியம் சிறிதே. பெற்ற பெயரோ பெரிது. ஆயிரக்கணக்கான பரிசோதனைகளின் பின்னர், நீலம் முதலிய நிறங்களின்மேல் வெண்ணிற உருவங்கள் புடைத்து நிற்கும் ஜஸ்பர் என்னும் புதுவகைக் கலத்தையும் அக்காலத்திலேயே படைத்தார். சுடும்போது களிமண் சுருங்கும் அளவைக்கொண்டு சூளையின் வெப்பத்தை அளக்கும் தீமானியைக் கண்டறிந்து, 1783ஆம் ஆண்டில் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். பள்ளியைச் சிறுவயதிலேயே விட்டவர் அறிஞர் அவையிலே அமர்ந்தார்.

இதுகாறும் கூறியது வெற்றிபெற்ற வணிகர் ஒருவரின் கதை. அவரை நாம் நினைத்தற்கு மேலுமொரு காரணம் உண்டு. ஆங்கில மக்கள் அவருடைய கிண்ணங்களில் அருந்திய தேநீருக்கு இட்ட சர்க்கரை, மேற்கிந்தியத் தீவுகளிலே ஆபிரிக்க அடிமைகள் கண்ணீரும் செந்நீருஞ் சிந்தி விளைத்தது. அவருடைய கலங்கள் கப்பலேறிய லிவர்பூல் துறைமுகம் அடிமை வாணிகத்தால் கொழுத்த துறைமுகம். அவ்வாணிகத்தைக் கண்டிப்பது, பொருள் படைத்த வாடிக்கையாளர் பலரின் வெறுப்பைத் தேடுவதாகும். வாயை மூடிக்கொண்டு பொருளீட்டுதல் எளிது. வெட்ஜ்வுட் அவ்வெளிய வழியைக் கொள்ளவில்லை. 1787ஆம் ஆண்டில் அடிமை வாணிகத்தை ஒழிப்பதற்கு இலண்டனிலே கூடிய சங்கத்தின் செயற்குழுவில் அவருஞ் சேர்ந்தார். விலங்கிடப்பட்ட ஆபிரிக்கர் ஒருவர் முழந்தாளிட்டுக் கைகூப்பி, தாமும் மனிதரன்றோ, சகோதரரன்றோ என்று வினவும் உருவத்தை ஜஸ்பர் மண்ணிலே சிறு பதக்கமாகச் செய்வித்தார். தம் தொழிற்சாலையில் தம் செலவிலேயே அவற்றைச் செய்து வழங்கினார். அமெரிக்காவிலிருந்த பெஞ்சமின் பிராங்கிளினுக்கும் ஒரு தொகுதி அனுப்பினார். மாதர் அவற்றைக் கைவளையிலும் கூந்தலிலும் அணிந்தனர். ஆடவர் மூக்குத்தூள் பெட்டியிற் பதித்தனர். அழகுக்காகக் கற்ற கலை அறத்துக்குத் துணை நின்றது. பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வாணிகத்தை 1807ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. அதனைக் காண வெட்ஜ்வுட் உயிரோடில்லை.

இறுதிக் காலத்தில் அவர் மேற்கொண்ட பெருமுயற்சி, போட்லண்ட் சாடி எனப்படும் உரோமர் காலத்துக் கண்ணாடிச் சாடியைத் தம் மண்ணிலே பிரதிசெய்ததாகும். ஏறத்தாழ நான்காண்டுகள் பாடுபட்டு அதனை நிறைவேற்றினார். 1845ஆம் ஆண்டில் பிரித்தானிய அரும்பொருட் காட்சிச்சாலையிலே மூலச் சாடியை ஒருவன் உடைத்து நொறுக்கியபோது, துண்டுகளைப் பொருத்துவதற்கு வெட்ஜ்வுட்டின் பிரதியே வழிகாட்டியாயிற்று.

1795ஆம் ஆண்டு தை மாதம் 3ஆந் திகதி, அறுபத்து நான்காவது வயதில், எட்ரூரியாவிலே அவர் காலமானார். இருபது பவுண் முதுசொம்மும் பழுதுற்ற காலுமாக வாழ்க்கையைத் தொடங்கியவர், ஏறத்தாழ ஐந்து இலட்சம் பவுண் பெறுமதியான செல்வத்தை விட்டுச் சென்றார். உயிர்நூல் உலகைக் கலக்கிய சாள்ஸ் டார்வின் இவருடைய மகள் சூசன்னாவின் மைந்தர். வெட்ஜ்வுட்டின் கல்லறை வாசகம், பண்பற்ற சிறு கைத்தொழிலாயிருந்ததை நயமிக்க கலையாகவும் நாட்டு வாணிகத்தின் முக்கிய அங்கமாகவும் ஆக்கியவர் என்னும் கருத்தைத் தெரிவிக்கின்றது.

மாணவர்காள்! நிறைந்த மூலதனம் கிடைத்தபின் தொடங்குவோம் என்று வெட்ஜ்வுட் காத்திருக்கவில்லை. வாடகைக் கொட்டிலும் ஒரு வேலையாளும் ஓர் ஏடுமே அவருடைய தொடக்கம். அயலார்க்கு எது தேவை என்று பாருங்கள், அதனைச் செய்யும் வழியைப் பலகாற் சோதியுங்கள், தவறியதையும் எழுதிவையுங்கள், அடக்கவிலையை அறிந்து விற்றுப் பழகுங்கள். செய்த பொருளின் அடியில் உங்கள் பெயரைக் கூசாது பொறிக்கத்தக்க தரத்தைப் பேணுங்கள். பழைய மாணவராகி வணிகத்திலும் உத்தியோகத்திலும் சிறந்து விளங்கும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள்: தம்பியின் புதுமுயற்சியைக் கண்டு கைவிரித்த தமையனார்போல் ஆகாது, இடங்கொடுத்த வீல்டன்போல் ஆகுங்கள். நம் கல்லூரியின் அடுத்த விழா மலரிலே எழுதப்படவேண்டிய வரலாறு, இன்று உங்கள் உதவியை நாடி வாயிலில் நிற்கும் இளைஞன் ஒருவனுடையதாகவும் இருக்கலாம்.